சிஸ்டர் பிளாண்டிடம் கேட்டு வாங்குவது எப்படி: பன்னாட்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் தொழிற்சாலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, "இனிமே மத்த பிளாண்ட் கோ-ஆர்டினேஷன் எல்லாம் நீங்க பாத்துக்கங்க. அவங்க நல்லா செய்றதை இங்க கொண்டு வாங்க, நம்மளோடதை அங்க அனுப்புங்க" என்கிறார். ஒரே நிறுவனத்தின் மற்ற தொழிற்சாலைகளைத்தான் சிஸ்டர் பிளாண்ட் என்பார்கள். "சரி சார்" என்று சொல்லிவிட்டு இருக்கைக்கு வந்தால், எங்கே தொடங்குவது என்று தெரியாது. அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவருக்காக எழுதுகிறேன். நான் பார்த்தது பெரும்பாலும் ஷாப் ஃப்ளோர் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும். தரமணியிலோ சிறுசேரியிலோ உட்கார்ந்து வெளிநாட்டுக் கிளைகளின் கணக்கையும் மென்பொருளையும் பார்ப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

படிகளுக்குள் போகும் முன் ஒரு நவம்பர் மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பின்பற்றும் முறை முழுக்க அதிலிருந்து வந்ததுதான்.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் நைலானை உருக்கி அச்சுக்குள் செலுத்தி கனெக்டர் ஹவுசிங், அதாவது மின் இணைப்பியின் வெளிக்கூடு, மோல்டிங் செய்துகொண்டிருந்தோம். தாய் நிறுவனம் ஜெர்மனியில். அங்கே பல வருடம் ஓடிய பாகம் அது. அச்சு, செட்டிங், புராசஸ் ஷீட் எல்லாமே அங்கிருந்து வந்தவை. ஷீட்டில் '80 டிகிரியில் 4 மணி நேரம் உலர்த்தவும்' என்று இருந்தது. அப்படியே செய்தோம், கோடை முழுக்கப் பெரிய சிக்கல் இல்லை. வடகிழக்குப் பருவமழை பிடித்த வாரத்தில் பாகங்கள் மேல் வெள்ளிக் கம்பி இழுத்ததுபோல் கோடுகள் வர ஆரம்பித்தன. ஒன்றைக் கையில் எடுத்து டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால், பிளாஸ்டிக் உள்ளே நுழையும் இடத்தில் தொடங்கி விசிறிபோல் விரிந்திருக்கும். லைனில் இதை சில்வர் ஸ்ட்ரீக் என்பார்கள். கழித்த பாகங்களைப் போடும் சிவப்புத் தொட்டி மதியச் சாப்பாட்டுக்குள் நிரம்பிவிடும்.

ஈரம்தான் காரணம் என்பது தெரியும். ஷீட்டில் சொன்னபடி உலர்த்தியும் ஏன் வருகிறது என்பதுதான் தெரியவில்லை. வெப்பத்தை 95க்கு ஏற்றினோம்; நைலான் மஞ்சளடித்தது. நேரத்தை ஏற்றினோம், கோடு குறைந்ததே தவிரப் போகவில்லை. மூலப்பொருள் சப்ளையரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டோம். மூன்று வாரம் போயிற்று. பிறகு வேறு ஏதோ விஷயமாகத் தாய்லாந்துப் பிளாண்டோடு நடந்த ஒரு போன் காலில், கடைசி இரண்டு நிமிடத்தில் இதைப் புலம்பினேன். அந்தப் பக்கம் இருந்த பொறியாளர் ஒரே கேள்வி கேட்டார்: "உங்கள் டிரையர் எந்த வகை?"

விஷயம் அங்கேதான் இருந்தது. ஜெர்மனிப் பிளாண்டில் எல்லா டிரையரும் ஈரம் உறிஞ்சும் வகை. காற்றில் உள்ள ஈரத்தை முதலில் எடுத்துவிட்டு, டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி அளவுக்கு வறண்ட காற்றை உள்ளே ஊதும். எங்களிடம் இருந்தது, மெஷினுக்கு மூலப்பொருள் கொட்டும் புனல் தொட்டியான ஹாப்பரிலேயே சூடான காற்றை ஊதும் சாதாரண ஹாட் ஏர் டிரையர். ஷெட்டில் இருக்கும் காற்றையே இழுத்து, சூடாக்கி ஊதும். சென்னை மழைக்காலக் காற்றின் டியூ பாயின்ட் 20 டிகிரிக்கு மேல் நிற்கும். எவ்வளவு சூடாக்கினாலும் அதிலிருக்கும் ஈரம் அதிலேயேதான் இருக்கும். 80, 4 என்ற இரண்டு எண்களும் ஜெர்மனியிலிருந்து சரியாக வந்துவிட்டன. அவை எந்த டிரையருக்கான எண்கள் என்பது மட்டும் வரவில்லை. ஷீட்டை எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. அவர் பிளாண்டில் வேறு வகை டிரையரே கிடையாது, ஆகவே அதை எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

இதைவிட எனக்கு வலித்தவை இரண்டு. தாய்லாந்தில் இதே சிக்கலை இரண்டு வருடம் முன்பே தீர்த்து ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். அது எல்லோருக்கும் திறந்திருந்த பொது டிரைவில், தாய்லாந்து மொழி எழுத்தில் பெயரிட்ட ஒரு கோப்பாகக் கிடந்தது. இரண்டாவது, எங்கள் லைனிலேயே மூத்த ஆபரேட்டர் அண்ணன் ஒருவர், பிரித்த நைலான் மூட்டையின் வாயைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சூடாக இருக்கும் டிரையர் உடம்பின் மேல் சாய்த்து வைப்பார். அரை மணிக்கு ஆகும் அளவுதான் ஹாப்பரில் கொட்டுவார். அவர் ஷிப்டில் ரிஜெக்ஷன் எப்போதும் குறைவு. ஆள் கைராசி என்று பேசிக்கொண்டோம். ஏன் அண்ணா இப்படிக் கட்டுகிறீர்கள் என்று நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை.

ஒரே நிறுவனத்தின் கிளைகளுக்குள் ஒரு நல்ல நடைமுறை ஏன் எளிதில் பரவுவதில்லை என்பதை கேப்ரியல் சுலான்ஸ்கி என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். எட்டு நிறுவனங்கள், அவற்றுக்குள் நடந்த 122 பரிமாற்றங்கள். பகிர மனமில்லாமை, பொறாமை, 'நாங்கள் கண்டுபிடிக்காததை நாங்கள் ஏன் எடுக்கவேண்டும்' என்ற வீம்பு ஆகியவைதான் தடை என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அவர் கண்டது வேறு. வாங்கும் இடத்துக்கு அதை உள்வாங்கும் அடிப்படை இல்லாமை, அந்த நடைமுறை எதனால் வேலை செய்கிறது என்பது கொடுப்பவருக்கே தெளிவாகத் தெரியாமை, இரண்டு இடத்து ஆட்களுக்கும் நடுவே நெருக்கம் இல்லாமை ஆகிய மூன்றும்தான் பெரிய தடைகள். எங்கள் நவம்பர் மாதத்தில் மூன்றும் இருந்தன. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றை எதிர்கொள்ளத்தான்.

முதல் படி: உங்கள் லைனின் ஒரு வலியை எடுங்கள்

புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரு போர்ட்டலோ ஃபோல்டரோ திறந்து, எல்லாப் பிளாண்டுக்கும் 'உங்கள் சிறந்த நடைமுறைகளை அனுப்புங்கள்' என்று மெயில் போடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வருவது அழகான ஸ்லைடுகள். அவற்றை யாரும் திறப்பதில்லை. தேவைப்படுபவர் கேட்கும்போது வருவதுதான் லைனுக்குள் இறங்கும்.

ஆகவே போன மூன்று மாத ரிஜெக்ஷன் பட்டியலையும் பிரேக்டவுன் பட்டியலையும் எடுத்து, மேலே உள்ள மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்ற பிளாண்டிலும் அதே வகை மெஷின், அதே வகைப் பாகம் இருக்கவேண்டும். அப்புறம் அந்தச் சிக்கலோடு தினமும் மல்லுக்கட்டும் ஆபரேட்டரிடம் போய் அரை மணி நில்லுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும், வெளியே என்ன கேட்கவேண்டும் என்பது தெளிவாகும். அலுவலகத்தில் இருப்பவர்களும் இப்படியே செய்யலாம்: மாதக் கடைசியில் எந்த வேலை ஒவ்வொரு முறையும் இரவு வரை இழுக்கிறது என்று பார்த்து அதை எடுங்கள்.

இரண்டாம் படி: ஆளைக் கண்டுபிடியுங்கள்

நிறுவன வரைபடத்தில் பெரிய பதவிகள்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியவர் அதில் மூன்று நான்கு நிலை கீழே இருப்பார். நான் ஆட்களைக் கண்டுபிடித்த வழிகள் இவை. ஒரு தரச் சிக்கலை எட்டுப் படிகளில் ஆராய்ந்து எழுதும் பழைய 8டி அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் 'தயாரித்தவர்' என்று ஒரு பெயர் இருக்கும். மேலே கையெழுத்துப் போட்டவரை விட அவர்தான் விஷயம் தெரிந்தவர். உங்கள் மெஷினை முதலில் நிறுவ வந்த குழுவின் பழைய மெயில்களைத் தேடுங்கள். வெளிநாட்டுப் பிளாண்டுக்கு ஆறு மாதம் போய்வந்த சீனியர் ஒருவர் கேன்டீனில் உங்கள் பக்கத்து மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அங்கே யாரைக் கேட்டால் வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரியும். மெஷின் கம்பெனியின் சர்வீஸ் பொறியாளரும் உங்கள் நிறுவனத்தின் எந்தெந்தப் பிளாண்டில் இதே மாடல் ஓடுகிறது என்று சொல்வார். ஆனால் வேறு நிறுவனங்களைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள். அவர் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கிடைத்த பெயர்களை ஒரு எக்செல் ஷீட்டில் போடுங்கள். பெயர், பிளாண்ட், எந்த மெஷின், எந்த மொழி வசதி, எந்த நேரம் பேசலாம், நாம் கடைசியாக என்ன கேட்டோம், திருப்பி என்ன கொடுத்தோம். கடைசி இரண்டு கட்டங்கள் முக்கியம். கேட்டது மட்டும் நிரம்பி, கொடுத்தது காலியாக இருக்கும் பெயரிடமிருந்து கொஞ்ச நாளில் பதில் நின்றுபோகும்.

மூன்றாம் படி: முதல் மெயில், முதல் கால்

மெயில் ஐந்தாறு வரிக்கு மேல் போகவேண்டாம். நாம் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். விஷயம் இந்த மாதிரி இருக்கவேண்டும்:

"நான் சென்னைப் பிளாண்டில் மோல்டிங் பொறியாளர். உங்கள் பெயர் இந்த 8டி அறிக்கையில் பார்த்தேன். எங்களிடம் இதே பாகத்தில் மழைக்காலத்தில் மட்டும் இந்தக் கோடு வருகிறது, படம் இணைத்துள்ளேன். வெப்பத்தையும் நேரத்தையும் ஏற்றிப் பார்த்தோம், பலனில்லை. உங்களிடம் இது வந்ததுண்டா? வியாழக்கிழமை உங்கள் நேரம் மதியம் 2 மணிக்கு 20 நிமிடம் பேச முடியுமா?"

என்ன செய்து தோற்றோம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தன் தோல்வியைச் சொல்லிக் கேட்பவருக்கு எதிரில் இருப்பவரும் தன் தோல்வியைச் சொல்வார். நமக்கு வேண்டியது அதுதான்.

நேரத்தை அவர்கள் கடிகாரத்தில் சொல்லுங்கள். ஜப்பானும் கொரியாவும் நமக்கு மூன்றரை மணி முன்னே. ஜெர்மனி குளிர்காலத்தில் நாலரை மணி பின்னே, கோடையில் மூன்றரை. டெட்ராய்ட் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை மணி பின்னே. மெக்சிகோ சிட்டி வருடம் முழுக்கப் பதினொன்றரை. ஐரோப்பாவில் ஆகஸ்டில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். ஜப்பானில் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் தொடர் விடுமுறை, ஆள் கிடைக்கமாட்டார்கள். நம் பொங்கலையும் ஆயுத பூஜையையும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கால் எடுக்கும்போது மெஷின் பக்கத்தில் போனோடு நில்லுங்கள், முடிந்தால் ஆபரேட்டரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார்ந்து பேசினால் ஸ்லைடைப் பற்றித்தான் பேசுவீர்கள். மெஷின் முன்னால் நின்றால், "அந்தப் பக்கம் இருக்கும் வால்வைக் காட்டுங்கள்" என்று அவர் கேட்பார். எங்களுக்கு அந்த டிரையர் கேள்வி மூன்று வாரம் முன்பே வராததற்குக் காரணம், அதற்கு முந்தைய கால் எல்லாம் ரூமுக்குள் நடந்ததுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, நம் 'சரி'. நாம் "ஓகே, ஓகே" என்று தலையை ஆட்டுவது பெரும்பாலும் 'காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்' என்ற பொருளில்தான். எதிரில் இருப்பவர் அதை 'புரிந்தது, ஒப்புக்கொள்கிறோம்' என்று எடுத்துக்கொள்வார். அடுத்த வாரம் "நீங்கள் சரி என்றீர்களே" என்று வந்து நிற்கும். புரியாதபோது புரியவில்லை என்று சொல்லப் பழகுங்கள். முதல் இரண்டு முறை கூச்சமாக இருக்கும். ஜப்பானியர்களோடு வேலை செய்பவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரிந்திருக்கும்: பெரிய கூட்டத்தில் திடீரென்று ஒரு யோசனையை வைத்தால் பதிலே வராது. முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி வைப்பதை அவர்கள் நெமவாஷி என்பார்கள். கூட்டத்துக்கு முன் அதற்கென்று ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

மொழி கற்கவும் இந்த ஊரில் வசதி இருக்கிறது. ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன், ஜப்பானியத்துக்கு ஏ.பி.கே-ஏ.ஓ.டி.எஸ் தோசோகாய், கொரியனுக்கு இன்கோ மையம். முழுக்கக் கற்றுத்தேற வேண்டும் என்பதில்லை. முதல் நிலை முடித்தாலே, அவர்களுடைய கோப்பின் பெயரைப் படித்து அது எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ளலாம். எங்களிடம் தாய்லாந்து மொழி எழுத்து படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

நான்காம் படி: எண்ணோடு சூழலையும் கேளுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும். எந்த எண்ணைக் கொடுத்தாலும், அது எந்தச் சூழலில் சரி என்று கேளுங்கள். காற்று, தண்ணீர், மின்சாரம், மூலப்பொருளின் கிரேடு, ஆள், மெஷினின் வயது. பெயின்ட், ஒட்டும் பசை, நைலான், கார்ட்போர்டு பெட்டி, துருப்பிடிக்கும் இரும்பு இவையெல்லாம் நம் ஊர் ஈரத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தண்ணீரும் அப்படித்தான்; கூலிங் டவரில் லாரித் தண்ணீர் ஊற்றும் மாதத்தில் அச்சுக்குள் போகும் குழாயில் படியும் உப்பை ஐரோப்பாவில் இருப்பவர் பார்த்தே இருக்கமாட்டார்.

நான் எப்போதும் கேட்கும் கேள்விகள் சில உண்டு. இதற்கு முன் என்ன செய்து தோற்றீர்கள்? எந்த நாளில், எந்த ஷிப்டில் இது சரியாக வருவதில்லை? ஷீட்டில் எழுதாமல் உங்கள் ஆபரேட்டர் தானாகச் செய்வது எது? நாளைக்கு உங்கள் மெஷினை இங்கே கொண்டுவந்து வைத்தால் முதலில் எதைச் சரிபார்ப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு எல்லோரும் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த யோசனைக்குப் பிறகு வருவதை வரி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை செய்பவர்களுக்கு கே.டி. செஷன் என்றால் உடனே புரியும். புராஜெக்ட் கைமாறும்போது பழையவர் புதியவருக்குச் சொல்லித் தருவது. அதை ரெக்கார்டு செய்து வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரும் தவறு. ஆனால் அங்கே ஒரு அருமையான பழக்கம் இருக்கிறது, ரிவர்ஸ் கே.டி. கற்றுக்கொண்டவர், கற்றுக்கொடுத்தவருக்கே திரும்ப விளக்கவேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஓட்டை. தொழிற்சாலைகளில் இது இன்னும் பரவவில்லை, பரவவேண்டும். நான் இப்போது ஒவ்வொரு விஷயத்துக்கும் இரண்டாவது கால் ஒன்று வைத்து, நாங்கள் புரிந்துகொண்டதை எங்கள் லைன் ஆளை வைத்தே அவர்களுக்குச் சொல்லவைக்கிறேன். "இல்லை இல்லை, அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது" என்று அவர்கள் குறுக்கிடாத கால் இதுவரை வந்ததில்லை.

புதிய லைன் தொடங்கப்போகிறீர்கள் என்றால், வேலையை ஆரம்பிக்கும் முன்பே, ஏற்கெனவே அதைச் செய்த இரண்டு மூன்று பிளாண்ட் ஆட்களை ஒருநாள் கூப்பிட்டு உங்கள் திட்டத்தைக் காட்டுங்கள். பி.பி. எண்ணெய் நிறுவனம் 1990களில் இதை பியர் அசிஸ்ட் என்ற பெயரில் வழக்கமாக்கியது. மேலதிகாரிகள் இல்லாத கூட்டமாக இருந்தால் நல்லது. மனம் விட்டுப் பேசுவார்கள்.

ஐந்தாம் படி: எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது

லோகோ ஒன்றாக இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் சென்னைக் கம்பெனியும் தாய்லாந்துக் கம்பெனியும் வேறு வேறு. புதியவர்கள் இங்கேதான் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள்.

வாடிக்கையாளர் கொடுத்த டிராயிங் வாடிக்கையாளருடையது. ரகசிய ஒப்பந்தம் நம் கம்பெனிக்கு மட்டும்தானா, குழுமம் முழுவதற்குமா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். படத்தில் பாகத்தின் எண், வாடிக்கையாளர் பெயர் தெரியாமல் மறைப்பது நல்ல பழக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த சில தொழில்நுட்பங்களை மூன்றாவது நாட்டுக்கு அனுப்ப அந்நாட்டு ஏற்றுமதிச் சட்டப்படி அனுமதி வேண்டும். இந்தியாவிலும் ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டியவற்றைச் சொல்லும் ஸ்கோமெட் என்ற பட்டியல் உண்டு. ராணுவம், விண்வெளி, சிறப்பு உலோகம் சார்ந்த வேலை என்றால் சட்டப் பிரிவைக் கேட்காமல் ஒரு மெயிலும் போகக்கூடாது.

ஆட்களின் பெயரும் முகமும் உள்ள வீடியோ, சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு போன்றவற்றுக்கு ஐரோப்பாவில் 2018 முதல் கடுமையான தனிநபர் தரவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. இந்தியாவிலும் 2023இல் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆபரேட்டரை வீடியோ எடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். கையை மட்டும் எடுத்தாலே பெரும்பாலும் போதும்.

பணம் அடுத்தது. காலில் பத்து நிமிடம் பேசுவது வேறு, நம் ஆள் இருவர் மூன்று வாரம் அவர்கள் லைனில் போய் உதவுவது வேறு. இரண்டாவதற்கு விலை போட்டாக வேண்டும். ஒரே குழுமத்துக்குள் நடக்கும் பன்னாட்டுப் பரிவர்த்தனைகளுக்கு வெளி ஆளிடம் வாங்கும் விலையை வைத்துக் கணக்குக் காட்டவேண்டும் என்ற டிரான்ஸ்ஃபர் பிரைசிங் விதி இந்தியாவில் 2001 முதல் இருக்கிறது. கிளம்பும் முன் ஃபைனான்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விசாவும் அப்படியே: கூட்டத்துக்குப் போகும் பிசினஸ் விசாவில் போய் ஸ்பேனர் பிடித்தால் பல நாடுகளில் அது சட்டமீறல்.

ஆறாம் படி: சின்னதாகச் சோதியுங்கள்

வந்த விஷயத்தை மறுநாளே லைன் முழுக்கப் போடாதீர்கள். ஒரு மெஷின், ஒரு ஷிப்ட், எண்ணிய பாகங்கள். 4எம் சேஞ்ச் (ஆள், மெஷின், பொருள், முறை இவற்றில் வரும் மாற்றம்) பதிவு செய்து, தரப் பிரிவுக்குச் சொல்லி, வாடிக்கையாளர் ஒப்புதல் வேண்டுமா என்று கேட்டபிறகுதான். நாங்கள் முதலில் ஈரம் உறிஞ்சும் டிரையர் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரே மெஷினில் ஓட்டிப் பார்த்தோம். மற்ற மெஷின்களில் அதுவரை அண்ணனின் மூட்டைக் கட்டும் முறையும் ஹாப்பர் மூடியும்தான் காப்பாற்றின. கோடு போனது உறுதியான பிறகே பெரிய செலவுக்குக் கையெழுத்து வாங்கினோம்.

ஏழாம் படி: எழுதி வையுங்கள், திருப்பிச் சொல்லுங்கள்

ஒரு பக்கம் போதும். ஷாப் ஃப்ளோரில் ஒன் பாயின்ட் லெசன் என்பார்களே, அந்த அளவு. இரண்டு படம்: தவறு, சரி. கீழே மூன்று வரி: என்ன செய்யவேண்டும், ஏன், எந்தச் சூழலில் இது பொருந்தாது. மூன்றாவது வரியை யாரும் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள். மெஷின் பக்கத்தில் தமிழில் ஒட்டுங்கள். இப்போது லைனில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகள் நிறைய இருக்கிறார்கள் என்றால் இந்தியிலும் ஒட்டுங்கள். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில், மெஷின் வகை, சிக்கல், மாதம் என்று வையுங்கள். எங்கள் தாய்லாந்து நண்பர்களிடம் இதைத்தான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். ஐ.எஸ்.ஓ 9001இன் 2015 பதிப்பில் நிறுவனத்தின் அறிவைப் பேணவேண்டும் என்று 7.1.6 என்ற பிரிவே இருக்கிறது. ஆடிட்டர் கேட்டால் இந்தப் பக்கங்களைக் காட்டலாம்.

8டி அறிக்கையில் ஹரிசாண்டல் டிப்ளாய்மென்ட் என்று ஒரு கட்டம் வரும். ஜப்பானியர் யோகோடென் என்பது. ஓரிடத்தில் கண்ட தீர்வை அதே சிக்கல் வரக்கூடிய எல்லா இடத்துக்கும் கொண்டுபோனோமா என்று கேட்கும் கட்டம். அதில் 'மெயில் அனுப்பப்பட்டது' என்று எழுதி மூடுவதை நான் ஏற்பதில்லை. எதிர்ப் பிளாண்டில் யார் எந்த மெஷினில் எந்தத் தேதியில் பார்த்தார் என்று எழுதமுடிந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் திறந்தே வையுங்கள்.

உதவியவருக்கு முடிவைச் சொல்ல மறக்காதீர்கள். சோதனைக்குப் பின் எடுத்த பாகத்தின் படம், ரிஜெக்ஷன் எவ்வளவிலிருந்து எவ்வளவு ஆனது என்ற இரண்டு எண்கள், அவருடைய மேலதிகாரிக்கும் ஒரு நகல். இது பத்து நிமிட வேலை. அடுத்த முறை அவர் போனை எடுப்பார்.

எட்டாம் படி: நம்முடையதை அனுப்புங்கள்

சென்னையிலிருந்து வெளியே போவது குறைவாகவே இருக்கிறது என்பது என் ஆதங்கம். நாம் வாங்கும் இடம், அவர்கள் கொடுக்கும் இடம் என்று நாமே முடிவுசெய்து வைத்திருக்கிறோம். பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல், தர மேலாண்மைக்கு ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவில் அதுதான் முதல். அம்பத்தூர், பாடி பக்கம் சின்னப் பட்டறையில்கூட கைசன், அதாவது சின்னச் சின்னதாகத் தொடர்ந்து மேம்படுத்துவது, என்ற சொல் சாதாரணமாகப் புழங்கும். இவ்வளவு வருடப் பழக்கம் உள்ள ஊரில், அடுத்தவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பது உண்மையாக இருக்கமுடியாது.

தடை எங்கே என்றால், விஷயம் தெரிந்தவர் தமிழில் பேசுகிறார், கால் ஆங்கிலத்தில் நடக்கிறது, நடுவில் இருப்பவர் சுருக்கிவிடுகிறார். ஆகவே நடுவில் இருக்கும் நீங்கள் சுருக்காதீர்கள். அண்ணனைப் பேசவிடுங்கள், வரி வரியாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். எங்கள் ஆபரேட்டர் அண்ணன் முதல் காலில் வெட்கப்பட்டு, "நீங்களே சொல்லிருங்க சார்" என்றார். மூட்டையைக் கட்டிக் காட்டுங்கள் போதும் என்றேன். காட்டினார். கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, சுருட்டிய வாயை மடக்கி அதன் மேல் மறுபடி ஒரு சுற்று. ஒரு சுற்று மட்டும் போட்டால் ராத்திரிக்குள் தளர்ந்துவிடும் என்று அவர் தமிழில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த ஆபரேட்டர் தன் மூட்டையை எடுத்துவந்து கேமரா முன் அதே மாதிரி கட்டிப்பார்த்தார். தாய்லாந்து போட்ட குறிப்பின் அடுத்த பதிப்பில் அந்தக் கட்டு இடம்பெற்றது, அண்ணனின் பெயரோடு. பெயர் போடச்சொல்லிக் கேட்டு வாங்கினேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள். யார் கண்டுபிடித்தாரோ அவர் பெயர் இல்லாமல் ஒரு பக்கமும் பிளாண்டைத் தாண்டக்கூடாது.

கடைசியாக, நீங்கள் கிளம்பும்போது

இரண்டு மூன்று வருடத்தில் உங்களுக்கு வேறு பொறுப்பு வரும், அல்லது வேறு கம்பெனி. வெளிநாட்டிலிருந்து இங்கே வந்திருக்கும் மேலாளர்களும் பொதுவாகச் சில வருடங்களில் திரும்பிவிடுவார்கள். ஆள் போனால் தொடர்பும் போகும். கோப்பு இருந்தாலும் யாரைக் கேட்பது என்று தெரியாது. ஆகவே கடைசி மாதத்துக்கு விடாமல், ஆறு மாதம் முன்பே அடுத்தவரை ஒவ்வொரு காலிலும் பக்கத்தில் உட்காரவையுங்கள். கடைசி இரண்டு மாதம் அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் ஷீட்டில் ஒவ்வொருவரிடமும் அவரை அறிமுகப்படுத்திய தேதியை எழுதுங்கள். செப்டம்பரில் கிளம்புகிறீர்கள் என்றால், மழை வருவதற்குள் டிரையர் ஃபில்டரை மாற்றச் சொல்லிவிட்டுப் போங்கள்.